தண்ணீர் சூழ்ந்த கிண்ணியா

ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நாம் மைல் கணக்கிலோ கிலோமீற்றர் கணக்கிலோ பதில் சொல்வோம். கிண்ணியாவுக்கு நெடுங்காலமாக அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. திருகோணமலை நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். ஆனால் துறையடியில் பாதை நின்றால் ஒரு கணக்கு, அது அக்கரைக்குப் போய்விட்டால் வேறொரு கணக்கு. மனிதரையும் மாட்டையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையைக் கிழக்கிலே 'பாதை' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தரையில் போகும் வழிக்கும் தண்ணீரில் மிதக்கும் பலகைக்கும் ஒரே பெயர். கிண்ணியாவின் கதையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு சொல்லே போதும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் உண்டு. கோணேசர் கோயில், கோட்டை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டன. அந்தத் துறைமுகத்தின் மறுகரையில், நகரத்தை நம்பியும் நகரத்துக்கு உழைத்தும் வாழும் கிண்ணியாவைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. வாசக சகோதரிகளே, அந்த ஊரின் நிலத்தையும் வரலாற்றையும் மக்களையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

குடாக்களுக்கு நடுவே

திருகோணமலையின் படத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். கடல் ஒரு பெரிய கையைப் போல நிலத்துக்குள் நீண்டிருக்கிறது. வெளிப்புறத்தில் அகன்று கிடப்பது கொட்டியாரக் குடா. அதன் வடக்கில் கப்பல்கள் ஒதுங்கும் உள்துறைமுகம். மேற்கில், ஆழம் குறைந்த தம்பலகாமக் குடா. தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் சந்திக்கும் ஒடுங்கிய நீர்வாயின் தென்கரையில் அமைந்திருப்பதுதான் கிண்ணியா. வடகரையில் வெள்ளைமணலும் சீனக்குடாவும் இருக்கின்றன.

இந்தத் துறைமுகம் உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் அதன் ஆழம். கொட்டியாரக் குடாவிலேயே தொடங்கி ஆழ்கடலுக்குள் இறங்கிப் போகும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு உண்டு. கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே திமிங்கிலங்களைக் காணக் கிடைப்பதும் இந்த ஆழத்தால்தான். ஆனால் கிண்ணியாப் பக்கத்து நீர் அப்படியல்ல. களப்பும் கண்டலும் சேறும் மணல்திட்டுமாக ஆழம் குறைந்து கிடக்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் சிறு மீனுக்கும் அது தாய்மடி.

இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி கங்கை, மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் முழுவதும் கங்கை கொண்டுவந்து சேர்த்த வண்டல். நெல் விளைவதும், மாடுகள் மேய்வதும், எருமைத் தயிர் சந்தைக்குப் போவதும், கட்டடங்களுக்கு மணல் போவதும் இந்த நிலத்திலிருந்து. வாழ்வு தரும் அதே கங்கை மாரி காலத்தில் பெருகினால் வெள்ளத்தையும் இங்கேதான் கொண்டுவந்து கொட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கிழக்குக் கரையைத் தாக்கியபோது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலங்கள் மூழ்கின.

ஆகவே கிண்ணியாவை ஒரு தீவு என்று சொல்ல முடியாது. தம்பலகாமத்தைச் சுற்றிப் போனால் தரைவழி உண்டு. ஆனாலும் வடக்கே போவதற்கு நீர், மேற்கே போவதற்குக் களப்பு, கிழக்கே மூதூர் போவதற்கு உப்பாறும் கங்கையும் இறால்குழியும். எந்தத் திசையில் காலை வைத்தாலும் ஒரு தண்ணீர் குறுக்கே வரும்.

கொட்டியாரத் துறையும் அந்நியர் வரவும்

கண்டி இராச்சியத்துக்குக் கடல்வாசலாக இருந்த துறைகளுள் கொட்டியாரம் முக்கியமானது. அதனால் திருகோணமலையைப் பிடிக்க வந்த ஒவ்வோர் ஐரோப்பியருக்கும் இந்தக் குடாவின் மேல் ஒரு கண் இருந்தது. 1620இல் டேனிஷ்காரர் வந்து பார்த்தார்கள். 1622இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். இடையில் பிரெஞ்சுக்காரரும் வந்து போனார்கள். 1795இல் ஆங்கிலேயர் வசமானது.

இவர்களுக்கிடையில் ஒரு சுவையான சம்பவமும் உண்டு. 1659ஆம் ஆண்டின் இறுதியில், புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. மறு ஆண்டு கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அதில் வந்த சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர்தான் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர். 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டில் கைதியாக இருந்து தப்பிப்போன இவர், 1681இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் இன்றும் வரலாற்று மாணவர்களுக்கு முக்கிய ஆதாரம்.

ஆங்கிலேயர் காலத்தில் திருகோணமலை ஒரு கடற்படைத் தளம். 1927இல் புகையிரதப் பாதை வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டு வீசித் தாக்கின. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியது. பின்னர் சீனக்குடாப் பக்கத்தில் கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் எழுந்தன. தளமும் ஆலைகளும் வடகரையில். தென்கரையில் கிண்ணியா மீனையும் நெல்லையும் தயிரையும் உழைக்கும் கைகளையும் நகரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நகரத்தை அண்டிய ஊர்களுக்கு உலகம் முழுவதும் இதுதான் விதி. பெயர் நகரத்துக்கு, நடை இவர்களுக்கு.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 22 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். அவர்களுள் நூற்றுக்கு 64 பேர் தமிழர், 26 பேர் முஸ்லிம்கள், 4 பேர் சிங்களவர். 2012இல் எடுத்த கணக்கில் மாவட்டத்தின் சனத்தொகை மூன்று இலட்சத்து எழுபத்தொன்பது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 பேர், தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, சிங்களவர் 27 பேர். சுதந்திரத்துக்குப் பின் கந்தளாயிலும் அல்லையிலும் உருவான குடியேற்றத் திட்டங்களும், பின்னர் வந்த யுத்தமும் இடப்பெயர்வும் இந்த மாற்றத்தின் பெருங்காரணங்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 1981இல் கணக்கெடுத்த பின் 2012 வரை இந்த மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 31 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணம் முடித்துப் பிள்ளை பெற்றுவிட்டது. யார் இடம்பெயர்ந்தார்கள், யார் விதவையானார்கள், எந்த வீட்டில் பெண் தனியாக நின்று குடும்பத்தை இழுத்தாள் என்பதெல்லாம் அந்தந்த ஊரவர் நினைவில்தான் இருந்தன.

மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுள், திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரிவுக்கு அடுத்தபடியாகக் கூடுதலான மக்கள் வாழ்வது கிண்ணியாவில். 2012இல் அங்கே 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். ஆலங்கேணி, ஈச்சந்தீவு ஆகிய தமிழ்க் கிராமங்களும் இப்பகுதியில் உள்ளன. யுத்த காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். ஆலங்கேணி, ஈச்சந்தீவு மக்கள் வீடுவாசலை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள். 2006 ஒகஸ்ட்டில் மூதூரில் சண்டை மூண்டபோது அங்கிருந்து ஓடிவந்த குடும்பங்களில் பல கிண்ணியாவில் தஞ்சம் புகுந்தன. அடுப்புக்கு மூன்று கல் வைத்து, முன்பின் அறியாதவர்களுக்குச் சோறு போட்ட கைகள் பெண்களுடையவை. அதற்குப் புள்ளிவிபரம் கிடையாது.

கல்வியில் இந்த ஊர் பின்தங்கியது என்று யாரும் எண்ண வேண்டாம். கிண்ணியா மத்திய கல்லூரி, அல் அக்ஸா கல்லூரி, முஸ்லிம் மகளிர் பாடசாலை என்று பெயர் சொல்லக்கூடிய பாடசாலைகள் உண்டு. கவிஞர் அண்ணல் முதல் எஸ். பாயிஸா அலி, ஜெனீரா கைருல் அமான் வரை இலக்கியத்தில் தடம் பதித்தவர்கள் உண்டு. பின்னவர்கள் இருவரும் பெண்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வறுமை வேறொரு பயணத்தையும் நம் பெண்கள் மேல் சுமத்தியிருக்கிறது. கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குப் போனவர்கள் பலர். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் போனபோது வயது 17தான். கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. பராமரிக்கக் கொடுக்கப்பட்ட குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு பிள்ளையின் வயதைத் தாளில் பொய்யாக எழுதினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டியதில்லை.

ஆழிப்பேரலை

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. கிண்ணியாவும் மூதூரும் கடுமையான அடி வாங்கிய ஊர்கள். கரையோரம் இருந்த கிண்ணியா வைத்தியசாலையே அழிந்துபோனது. காயப்பட்டவர்களைக் கொண்டுபோகும் இடமே இல்லாமற் போன நிலை.

இலங்கையிலும் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் பல கிராமங்களில் ஆண்களை விடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்று 2005இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் எடுத்துக் காட்டியது. காரணங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. பெண்களில் அநேகருக்கு நீந்தத் தெரியாது. மரமேறத் தெரியாது. உடுத்திருந்த நீண்ட உடை காலைச் சுற்றியது. பிள்ளையை விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. கடலும் களப்பும் சூழ்ந்த ஊரிலே பிறந்து, தண்ணீரைப் பார்த்தே வளர்ந்து, தண்ணீரில் இறங்கப் பழகாமலே வாழ்ந்து முடிக்கிறோம். இதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும்.

வீடு யார் பெயரில்?

அலை போன பின்பு வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அப்போது எழுந்த ஒரு பிரச்சினை பலர் கண்ணுக்குப் படவில்லை. கிழக்கு மாகாணத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பரவலாக உள்ள வழக்கம், வீடு மகளுக்கு என்பது. மணம் முடித்த பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாயின் வளவில் மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்தில் ஒன்று. இதற்காகத் தாய் தகப்பன் படும் கடன்சுமை ஒருபுறம் இருந்தாலும், கணவன் கைவிட்டாலும் பெண்ணின் தலைக்கு மேலே கூரை மிஞ்சும் என்ற பாதுகாப்பு அதில் இருந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம் இருந்தது. அங்கே ஆணின் பெயரை எழுதினார்கள். தாய் கொடுத்த வீடு அலையோடு போயிற்று. புதிய வீடு கணவன் பெயரில் வந்தது. கிழக்கின் பல இடங்களில் இவ்வாறு நடந்ததைப் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அன்றே சுட்டிக்காட்டினார்கள். அரச காணிகளைப் பொறுத்தவரை, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, வாரிசு உரிமையில் மகனுக்கு முதலிடம் என்ற பழைய ஒழுங்கு நீக்கப்பட்டது. சட்டம் மாறினால் மட்டும் போதாது. உங்கள் வீட்டு உறுதியோ அனுமதிப்பத்திரமோ யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

பாதை போய்ப் பாலம் வந்தது

2009 ஒக்டோபர் 20 அன்று கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு கட்டப்பட்ட இப்பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதுவரை நாட்டின் மிக நீளமான பாலமாக இருந்த மன்னம்பிட்டிப் பாலம் 302 மீற்றர்தான். அடுத்த சில ஆண்டுகளில் மூதூர் வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிலும் பாலங்கள் வந்தன. மட்டக்களப்பு வரை பாதைக்குக் காத்திருக்காமல் போக வழி பிறந்தது.

ஆண்களுக்குப் பாலம் என்றால் மீன் லொறி சீக்கிரம் போகும், நெல்லுக்கு விலை கிடைக்கும் என்ற கணக்கு. அதுவும் வேண்டியதுதான். பெண்களின் கணக்கு வேறு. நடுச்சாமத்தில் பிரசவ வலி எடுத்தால் அக்கரையில் நிற்கும் பாதையைக் கூவி அழைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோகலாம். நகரத்தில் வேலை பார்க்கும் ஆசிரியையும் தாதியும் பொழுது சாயுமுன் வீடு திரும்பலாம். மேற்படிப்புக்கு மகளை அனுப்பத் தயங்கிய வாப்பாவுக்கும் அப்பாவுக்கும் சொல்ல ஒரு சாட்டுக் குறைந்தது. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் பலியாகி, பாடசாலைகளையே மூட வேண்டி வந்தபோது, பாலம் இல்லாதிருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குறிஞ்சாக்கேணி

பெரிய பாலம் வந்துவிட்டது, இனித் தண்ணீரால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தோம். நகருக்குள்ளேயே இன்னொரு தண்ணீர் இருந்தது. கிண்ணியா நகரையும் குறிஞ்சாக்கேணியையும் பிரிக்கும் களப்பின் மேல் பழைய பாலம் ஒன்று இருந்தது. அதை அகற்றிப் புதிய பாலம் கட்டும் வேலை 2021இல் தொடங்கியது. வேலை முடியும் வரை மக்கள் கடப்பதற்கு ஒரு மிதவைப் பாதை ஓடியது. சுற்றுவழி தூரமானது என்பதால் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போனார்கள்.

2021 நவம்பர் 23 காலை, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறியிருந்த அந்தப் பாதை களப்பில் கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அவர்களுள் நால்வர் சிறுவர்கள். வைத்தியசாலையில் இருந்தவர்களுள் சிலரும் பின்னர் இறந்தார்கள். காலையில் தலைவாரிச் சீருடை உடுத்தி அனுப்பிய உம்மாமார், சில நிமிடங்களில் துறையடிக்கு ஓடி வந்தார்கள். ஊரே கொதித்தெழுந்தது. அதன்பின் கடற்படை அங்கே படகுச் சேவை நடத்தியது.

ஆழ்கடலில் நடந்த விபத்தல்ல இது. புயலும் இல்லை, யுத்தமும் இல்லை. நாட்டின் மிக நீளமான பாலம் என்று பெயரெடுத்த பாலத்தைக் கொண்ட ஊரில், அக்கரை கண்ணுக்குத் தெரியும் ஒரு களப்பில் நடந்தது. பெரிய நீரைக் கடக்கப் பெரிய பணம் வந்தது. பெரியவர்கள் வந்து திறந்து வைத்தார்கள். சிறிய நீரைக் கடக்கும் சிறுபிள்ளைகளின் பாதுகாப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி மிதவையிலேயே விடப்பட்டிருந்தது.

நாம் கேட்க வேண்டியவை

ஒரு பாலத்தை உடைக்கும் முன் மாற்றுவழி என்ன என்று கேட்பது குழப்பம் செய்வதல்ல. அது ஒரு தாயின் உரிமை. மாதர் சங்கக் கூட்டத்திலும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும், பிரதேச செயலகத்திலும் நாம் எழுந்து கேட்கக்கூடிய சில விடயங்கள் இவை.

நமது ஊரில் பிள்ளைகள் தண்ணீரைக் கடந்து பாடசாலைக்குப் போகும் இடங்கள் எத்தனை? படகோ மிதவையோ ஓடினால் அதைப் பரிசோதித்தவர் யார், எப்போது? எத்தனை பேர் ஏறலாம் என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்திருக்கிறார்களா? ஏறும் ஒவ்வொருவருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளின் அளவுக்கு, உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? பாலம் வேலை நடக்கும் காலத்தில் சுற்றுவழியால் பாடசாலை பஸ் விடுவார்களா? வேலை முடியும் திகதி என்ன, அது தப்பினால் யாரிடம் போவது?

இதோடு நாமே செய்யக்கூடியதும் உண்டு. ஆண்பிள்ளைகள் களப்பில் குதித்து நீந்தப் பழகிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. மறைவான இடத்தில், பெண் பயிற்சியாளரைக் கொண்டு, வசதியான உடையோடு நீச்சல் பழக்குவது மார்க்கத்துக்கோ மரியாதைக்கோ மாறானதல்ல. இது கிண்ணியாவுக்கு மட்டுமல்ல, கடலும் குளமும் உள்ள எல்லா ஊர்களுக்கும் பொருந்தும்.

கிண்ணியாவின் நிலப்படத்தில் குடாக்கள் இரண்டு, கங்கை ஒன்று, பெரிய பாலம் ஒன்று என்று குறித்துவிடலாம். பிள்ளைகள் நாள்தோறும் கடக்கும் சிறு நீர்களைக் குறித்த படம் தாய்மாரிடம்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் படத்தையும் ஒரு தாளில் வரைந்து கொண்டு போங்கள்.